கருவேலத்திடமிருந்து எதையும் யாரும் பறிக்கவில்லை

தாவரவியல் படித்தவர்களிடையே ஒரு மனக்குறை பல ஆண்டுகளாக உலவுகிறது. கருவேல மரத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளாக இருந்த ‘அகேசியா’ என்ற அறிவியல் பெயரை ஆஸ்திரேலியர்கள் ஒரு வாக்கெடுப்பில் தட்டிப் பறித்துக்கொண்டார்களாம். அதற்குப் பதிலாக ‘வாச்செல்லியா’ என்று வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயரை நம் மரத்தின் தலையில் கட்டிவிட்டார்களாம். ஆகவே அதை ஏற்கத் தேவையில்லை, பழையபடி அகேசியா நைலோட்டிகா என்றே எழுதுவோம் என்கிறார்கள். கல்லூரி ஆசிரியர்களும், வனத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும், மரம் நடும் இயக்கங்களில் முன்னிற்பவர்களும் இதைச் சொல்லிக் கேட்கிறோம். இன்னொரு தரப்பு இதைவிட அலட்சியமானது. பெயரில் என்ன இருக்கிறது, முள்மரம் எல்லாம் வேலமரம்தானே, அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் பொழுதுபோகாமல் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தத் தரப்பின் பேச்சு.

இரண்டையும் நான் மறுக்கிறேன். அகேசியா என்ற பேரினம் பிரிக்கப்பட்டதால் நம் மரத்துக்கு இழப்பு எதுவும் நேரவில்லை. ஒரே பெயருக்கு அடியில் புதைந்துகிடந்த ஒரு வேறுபாடு மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வேறுபாடு உலர்தாவரக் காப்பகத்து அலமாரிகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே எந்த மரத்தை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும், எதை நடக்கூடாது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அது நேரடியாக உதவுகிறது.

அந்த நிலத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலை இயங்கத் தொடங்கியது. பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் ஒன்றையடுத்து ஒன்றாக விரிந்தன. ஆனால் இந்தத் தார்ச்சாலைகளுக்கும் கொட்டகைகளுக்கும் அடியில் இருப்பது ஏரி நாடு. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, கிழக்கே செம்பரம்பாக்கம் என்று ஒன்றன் கலங்கல் நீர் இன்னொன்றுக்குப் போகும்படி அமைந்த ஊர்கள் இவை. ஏரியின் உள்வாய், கரை, வரத்துக்கால், புறம்போக்கு ஆகிய எல்லா இடங்களிலும் முள்மரங்கள் நிற்கின்றன. ஆலை மதிலுக்கு உள்ளே பசுமைப் பட்டை என்ற பெயரில் இன்னொரு வகை மரங்கள் நிற்கின்றன. இந்த மரங்களை நம் பேச்சில் கருவேல், சீமைக்கருவேல், அகேசியா என்று மூன்று சொற்களால் குறிப்பிடுகிறோம். மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது கருவேல். கறுத்து வெடித்த பட்டை. இளமரத்தில் இலைக்காம்பின் அடியில் இரண்டிரண்டாக, நேராக, வெளுத்து நீண்ட முட்கள். மஞ்சள் பந்து போன்ற சிறு பூங்கொத்து. காய் சாம்பல் பூத்து, விதைக்கு விதை இறுகி, மணி கோத்த மாதிரி தொங்கும். ஆடு அந்தக் காய்க்காகவே மரத்தடியில் காத்துக் கிடக்கும். ஏரி நிரம்பி மாதக்கணக்கில் அடிமரம் நீரில் நின்றாலும் சாகாது. அதனால்தான் ஸ்வீடன் உதவியுடன் 1981-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் இதையே பெருமளவில் நட்டார்கள். வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் நாரைகள் கூடு வைக்கும் மரங்களில் இதுவும் ஒன்று. தோல் பதனிட இதன் பட்டையும், ஏர், வண்டிச் சக்கரம் செய்ய இதன் மரமும் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டன.

இரண்டாவது சீமைக்கருவேல். கிளைகள் கோணல்மாணலாக வளையும். பூ பந்தாக இருக்காது, பச்சை கலந்த வெளிர்மஞ்சளில் விரல் நீளத்துக்குத் திரியாகத் தொங்கும். பூவைப் பிரித்துப் பார்த்தால் மகரந்தத் தாள்கள் பத்து மட்டுமே இருக்கும். கருவேலம்பூவிலோ எண்ணி மாளாது. காய் வைக்கோல் மஞ்சளில் நீண்டு, உள்ளே இனிப்பான சதையோடு இருக்கும். இது மத்திய, தென் அமெரிக்கப் பகுதியின் மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கு விதையாக வந்து சேர்ந்தது.

மூன்றாவதை நர்சரிக்காரர்களும் லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்டர்களும் வெறுமனே ‘அகேசியா’ என்கிறார்கள். அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ் என்பது இதன் முழுப்பெயர். வடக்கு ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினித் தீவுக்கும் சொந்தமானது. முள்ளே கிடையாது. அரிவாள் போல வளைந்த ‘இலை’ உண்மையில் இலை இல்லை, தட்டையாக அகன்றுவிட்ட இலைக்காம்பு. விதை முளைத்ததும் முதலில் சில நாள் வேலமரத்துக்கு உரிய சிற்றிலைகள் வரும், பிறகு காம்பு அகன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். காய் முறுக்கிச் சுருண்டு, வெடித்த பிறகு விதைகள் ஆரஞ்சு நிற நூலில் தொங்குவதைச் சாலையோரத்தில் யாரும் பார்க்கலாம். விரைவாக வளரும், மாடு கடிக்காது, ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும். மதிலுக்குள் நட வேண்டியவர்களுக்கு இந்த மூன்றும் போதும்.

பழைய வகைப்பாட்டின்படி இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே பேரினம். பழைய பெயரே வேண்டும் என்று கேட்பவர்கள், தாங்கள் இதைத்தான் கேட்கிறோம் என்பதை உணர்ந்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. உள்வாயில் நிற்கும் முள்மரத்தையும் மதிலுக்குள் நிற்கும் முள்ளில்லாத அரிவாள்இலை மரத்தையும் ஒரே குடும்ப அட்டையில் எழுதச் சொல்கிறார்கள்.

அவை ஒன்றாகச் சேர்ந்தது எப்படி? லின்னேயஸ் 1753-இல் கருவேலத்தை மிமோசா நைலோட்டிகா என்று எழுதினார். தொட்டாற்சிணுங்கி இருக்கும் அதே மிமோசா. மறு ஆண்டே, 1754-இல், பிலிப் மில்லர் அகேசியா என்ற பேரினத்தை அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பெந்தம் அதற்கு ஒரு வரையறை கொடுத்தார்: மகரந்தத் தாள்கள் எண்ணற்றவையாகவும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருந்தால் அகேசியா. தாள்கள் அடியில் குழாய்போல இணைந்திருந்தால் வாகை, தூங்குமூஞ்சி முதலியவை அடங்கிய கூட்டம். இந்த ஒரே அடையாளத்தின் பலத்தில் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நான்கிலும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே பேரினத்துக்குள் வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெந்தமே 1875-இல் எழுதிய பெருந்தொகுப்பில் அகேசியாவை ஆறு தொகுதிகளாகப் பிரித்துத்தான் காட்டினார். இலையடியில் இணைமுள் உள்ளவை ஒரு தொகுதி, கொக்கிமுள் உள்ளவை இன்னொன்று, இலைக்காம்பு அகன்ற ஆஸ்திரேலிய மரங்கள் வேறொன்று. இன்றைய வாச்செல்லியா அவருடைய இணைமுள் தொகுதிதான். இன்றைய செனகாலியா ஏறத்தாழ அவருடைய கொக்கிமுள் தொகுதி. ஆகவே நூற்றைம்பது ஆண்டுகளாகத் தாவரவியலாளர்கள் கண்ணால் கண்ட பிரிவுகளே இன்று பேரினங்களாக உயர்ந்திருக்கின்றன. ‘பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு இந்த வரலாற்றின் முன் நிற்காது. கருவேலத்தின் பேரினப் பெயர் 1753 முதல் இன்றுவரை மிமோசா, அகேசியா, வாச்செல்லியா என்று இரண்டே முறை மாறியிருக்கிறது.

பெந்தத்தின் காலத்தில் அறிய முடியாதிருந்த ஒன்றை, 2000-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டின. இந்தத் தொகுதிகள் ஒரே முன்னோரின் பிள்ளைகள் இல்லை. ஆஸ்திரேலிய அகேசியாக்கள் வாகைக் கூட்டத்துக்குள்ளே போய் அமர்கின்றன. அதாவது ஒரகடத்து மதிலுக்குள் நிற்கும் அகேசியா ஆரிகுலிஃபார்மிஸுக்கு, பக்கத்துத் தெருவில் நிற்கும் வாகை நெருங்கிய உறவு, ஏரி உள்வாயில் நிற்கும் கருவேல் தூரத்து உறவு. ஒட்டாத மகரந்தத் தாள்கள் என்ற அடையாளம் ஒரே வம்சத்தின் முத்திரை அன்று. இதற்கு மேலும் இவை எல்லாவற்றையும் ஒரே பேரினம் என்று சொல்ல விரும்பினால் வாகையையும் தூங்குமூஞ்சியையும் கொடுக்காப்புளியையும் அதற்குள் இழுக்க வேண்டிவரும். பழைய பெயரைக் காக்கப் புறப்பட்டவர்கள் எவரும் அதற்குத் தயாராக இருப்பதாகத் தெரியவில்லை.

எனவே பிரிப்பது தவிர்க்க முடியாததாயிற்று. பிரித்த பிறகு எழுந்த கேள்வி வேறு: அகேசியா என்ற பெயர் எந்தப் பிரிவுக்குப் போகும்? மனக்குறைக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். முதலாவது சான்றுகளால் முடிவான விஷயம், அதில் வாக்கெடுப்புக்கு வேலை இல்லை. இரண்டாவது பெயரிடல் விதிகள் சார்ந்த ஏற்பாடு. அதில்தான் வாக்கெடுப்பு நடந்தது.

விதிப்படி பார்த்தால் பேரினப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் மாதிரி இனம் எங்கே போகிறதோ அங்கே பெயர் போக வேண்டும். மாதிரி இனம் கருவேல். ஆக அகேசியா என்ற பெயர் கருவேலத்தோடு நின்றிருக்கும், ஆஸ்திரேலிய மரங்கள் ரேகோஸ்பெர்மா என்று மாறியிருக்கும். ஆனால் ஆஸ்திரேலியப் பிரிவில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள், கருவேலப் பிரிவில் சுமார் 160. ஆயிரம் பெயர்களை மாற்றுவதைவிட 160 பெயர்களை மாற்றுவது குறைந்த குழப்பம் தரும் என்று சொல்லி, மாதிரி இனத்தையே ஆஸ்திரேலிய இனம் ஒன்றுக்கு மாற்றக் கோரும் முன்மொழிவு 2003-இல் வந்தது. வித்துத் தாவரங்களுக்கான குழு 9–6 என்ற கணக்கில் ஆதரித்தது. 2005-இல் வியன்னாவில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டின் பெயரிடல் அமர்வில் 54.9 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தார்கள். குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 விழுக்காடு வேண்டும் என்பதால் எதிர்ப்பு தோற்றது. 2011-இல் மெல்பர்ன் மாநாட்டில் மீண்டும் விவாதித்து, பெரும்பான்மை வாக்கில் வியன்னா முடிவை உறுதிசெய்தார்கள்.

வியன்னாவில் நடந்த விதம் எனக்கும் உவப்பானது இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்ற பிறகும் ஒன்று நிறைவேறினால் மனம் கசக்கத்தான் செய்யும். ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர்களுடைய புல்வெளி நிலங்களின் முகமே அந்த முள்மரங்கள். ஆனால் நடைமுறையில் குறை இருந்தது என்பதாலேயே முடிவு நமக்குக் கேடு என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியர்கள் கூடிச் சதிசெய்தார்கள் என்பதும் வரலாற்றோடு பொருந்தவில்லை. 1986-இலேயே அகேசியாவைப் பிரித்து, ஆஸ்திரேலிய மரங்களுக்கு ரேகோஸ்பெர்மா என்ற பெயரைக் கொடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தவர் குயின்ஸ்லாந்து உலர்தாவரக் காப்பகத்தின் லெஸ் பெட்லி. தம் நாட்டின் தேசிய மலர் அடங்கிய பேரினத்தின் பெயரை விட்டுக்கொடுக்க முன்வந்த ஆஸ்திரேலியர் அவர்.

இப்போது அந்த ‘வாயில் நுழையாத அந்நியப் பெயர்’ விஷயத்துக்கு வருகிறேன். இந்த மனக்குறையின் ஆணிவேரே அங்கேதான் அறுபடுகிறது. வாச்செல்லியா என்ற பேரினத்தை வெளியிட்டவர்கள் ராபர்ட் வைட், ஜார்ஜ் வாக்கர்–ஆர்னாட் இருவரும். வெளிவந்த ஆண்டு 1834. வெளிவந்த நூல் இந்தியத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றியது. வைட் 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இங்கே வந்து, சென்னை மாகாணத்தில் ஊர் ஊராகத் தாவரம் சேகரித்து, 1853 வரை இந்த மண்ணில் உழைத்தவர். வாச்செல் என்பவர் மக்காவில் கம்பெனியின் சமயகுருவாக இருந்து சீனத் தாவரங்களைச் சேகரித்தவர். பெயர் அவருடையது என்றாலும், அந்தப் பேரினம் பிறந்தது நம் நிலத்துத் தாவரங்களை விவரித்த நூலில். ஆஸ்திரேலியாவில் எவரும் இதைக் கண்டுபிடித்து நமக்கு அனுப்பவில்லை.

வைட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல ஆசை. அவருடைய படநூல்களில் உள்ள நேர்த்தியான ஓவியங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார் வைட். பிற்கால ஆய்வில் அது வேறொரு பேரினத்துக்குள் அடங்கிப்போனது. நம்மவர் ஒருவரின் பெயர் தாங்கிய பேரினம் போனதற்கு இன்றுவரை யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை. அகேசியாவுக்காக மட்டும் இவ்வளவு வருத்தம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வைட் 1834-இல் வாச்செல்லியாவில் வைத்தது கஸ்தூரிவேல் என்று அழைக்கப்படும் மரத்தை. கருவேலத்தை அகேசியாவிலேயே விட்டுவைத்தார். கஸ்தூரிவேலோ அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவியது. ஆனாலும் இணைமுள்ளும் பந்துப்பூவும் உடைய ஒரு மரத்தைப் பார்த்து, இது தனிப் பேரினமாகத் தகும் என்று அப்போதே அவர் கண்டுகொண்டார். கருவேலம் அங்கே போய்ச் சேர மேலும் ஏறத்தாழ 170 ஆண்டுகள் பிடித்தன.

சரி, பிரித்ததால் தமிழ்நாட்டில் என்ன விளைந்தது என்று பார்ப்போம். நம் மரங்களை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். கருவேல், வெள்வேல், குடைவேல் ஆகியவை வாச்செல்லியாவுக்குப் போயின. கருங்காலி, சீயக்காய், இண்டு ஆகியவை செனகாலியாவுக்குப் போயின. அகேசியாவில் மிஞ்சியவை எவை? மதிலுக்குள் நிற்கும் ஆரிகுலிஃபார்மிஸ், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கிய வாட்டில் மரங்கள், இவற்றைப் போன்ற இன்னும் சில. அத்தனையும் வெளியிலிருந்து வந்தவை. இந்திய மண்ணுக்கு உரிய ஒரு மரம்கூட இன்று அகேசியா என்ற பேரினத்தில் இல்லை.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். ஒரு பட்டியலில் அகேசியா என்று சரியாக எழுதியிருந்தால், அது அயல்மரம் என்று வேறு எதையும் பார்க்காமல் சொல்லிவிடலாம். வாச்செல்லியா என்றால் கஸ்தூரிவேல் போன்ற சில விலக்குகளைக் கழித்துப் பெரும்பாலும் நம் மரம். இருநூற்றைம்பது ஆண்டுகளாக இந்த வசதி நமக்கு இருந்ததில்லை. வாச்செல்லியா, செனகாலியா, அகேசியா மூன்றையும் ஒரே பெயரில் வைத்திருந்த காலத்தில், நீலகிரியை அழிக்கும் வாட்டிலும் காஞ்சிபுரத்து ஏரியைக் காக்கும் கருவேலமும் காகிதத்தில் அண்ணன் தம்பிகளாக இருந்தன. பழைய பெயரைக் காப்பாற்றுங்கள் என்பவர்கள் இந்தக் குழப்பத்தையும் சேர்த்தே காப்பாற்றச் சொல்கிறார்கள்.

சீமைக்கருவேல் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பெந்தத்தின் வரையறைப்படியே அது அகேசியா இல்லை. புரோசோபிஸ் என்ற பேரினத்தில் நம் வன்னியோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. வன்னி எப்படிப்பட்ட மரம் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலத்திலும் இன்னும் பல சிவத்தலங்களிலும் தலமரம், வறண்ட காட்டின் உயிர்நாடி. அந்த வன்னியும் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 1976-இல் அர்ஜென்டினாவின் ஆர்த்துரோ புர்க்கார்ட் புரோசோபிஸை 44 இனங்கள் கொண்டதாகத் தொகுத்தபோதே வன்னியை ஒரு பகுதியிலும் அமெரிக்க மரங்களை வேறு பகுதிகளிலும் பிரித்துத்தான் வைத்தார். 2022-இல் காலின் ஹியூஸும் உடனாய்வாளர்களும் டி.என்.ஏ. சான்றோடு அந்தப் பேரினத்தை நான்காகப் பிரித்தார்கள். சீமைக்கருவேல் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆயிற்று. வன்னி, லின்னேயஸ் 1767-இல் கொடுத்த புரோசோபிஸ் என்ற பேரினப் பெயரோடே நின்றது, ஏனென்றால் அந்தப் பேரினத்தின் மாதிரி இனமே அதுதான். இந்தமுறை அமெரிக்கர்கள்தான் பெயரை இழந்தார்கள். இந்தியாவின் மரம் பெயரை வைத்துக்கொண்டது. அறிவியலில் ஆதிக்கம் நடக்கிறது என்று அகேசியாவைக் காட்டிப் பேசுகிறவர்கள் புரோசோபிஸையும் பக்கத்தில் வைத்துப் பேசட்டும். ஒரே முறைதான் இரண்டிலும் கையாளப்பட்டது. பிரித்ததற்கான காரணமும் ஒன்றுதான்.

‘இதெல்லாம் விவசாயிக்கு எதற்கு, அவருக்குக் கருவேல் கருவேல்தானே’ என்ற கேள்வி வரும். விவசாயிக்கு இது புதிய செய்தியே இல்லை. கருவேலுக்கும் சீமைக்கருவேலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆடு மேய்ப்பவர் யாரையும் ஏரிக்கரையில் பார்க்க முடியாது. தடுமாறுகிறவர்கள் படித்தவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், டெண்டர் விடுகிறவர்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி 2017-இல் மாநிலம் முழுக்கச் சீமைக்கருவேல அகற்றம் பேசப்பட்டபோது, எத்தனை செய்தித் தலைப்புகள் ‘கருவேல மரங்கள் அகற்றம்’ என்று வந்தன! ‘சீமை’ என்ற முன்னொட்டு இடம் இல்லாமல் விழுந்துவிடுகிறது, நிலத்தடி நீரை உறிஞ்சும் கெட்ட மரம் என்ற பழி முழுவதும் கருவேலத்தின் மேல் வந்து விழுகிறது. ஜேசிபி ஓட்டுநருக்குக் கொடுக்கும் உத்தரவில் ‘முள்மரம் எல்லாம் எடு’ என்று இருந்தால், உள்வாயில் நாற்பது ஆண்டு நின்ற மரமும் நெல்டுமாவோடு சேர்ந்து விறகுக் குவியலுக்குப் போகும். இவை வெவ்வேறு பேரினங்கள் என்பதை வேலையாணையிலேயே எழுதினால் அந்தத் தவறுக்கு இடமில்லை.

வகைப்பாடு களத்தில் எப்படி உதவும் என்பதற்கு ஆஸ்திரேலியா நமக்கு ஒரு நல்ல பாடம். இந்தியாவிலிருந்து போன கருவேல், நிழலுக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் என்று குயின்ஸ்லாந்தில் நடப்பட்டு, அங்கே பல லட்சம் ஹெக்டேர் புல்வெளியை முள்காடாக்கிவிட்டது. நமக்கு வாட்டில் எப்படியோ, அவர்களுக்குக் கருவேல் அப்படி. அதை அடக்க இயற்கை எதிரியான பூச்சி வேண்டும் என்று தேடியபோது, பூச்சி கருவேலத்தைத் தின்ன வேண்டும், ஆஸ்திரேலியாவின் சொந்த அகேசியாக்களைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. கோவையிலுள்ள வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கருவேலத்தின் பூச்சிகளைத் தேடினார்கள். கண்டுபிடித்தவை எல்லாம் சோதனையில் தேறிவிடவில்லை. ஆனால் இப்படி ஒரு தேடலைத் தொடங்க முடிந்ததே கருவேலும் அங்குள்ள அகேசியாக்களும் நெருங்கிய உறவு இல்லை என்ற நம்பிக்கையில்தான். வகைப்பாடு வெறும் பெயர் விவகாரம் என்பவர்கள் இந்த வேலை எப்படி நடந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பூச்சி எதைத் தின்னும், எந்த நோய் எதற்குத் தாவும், எந்த மரத்தின் மகரந்தம் எதில் காய் பிடிக்கும் என்ற கேள்விகளுக்கு முதல் ஊகம் உறவுமுறையிலிருந்தே கிடைக்கிறது.

இனி, பசுமைப் பட்டை. ஒரு தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது மொத்த இடத்தில் ஒரு பகுதியில் மரம் வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மரம் நடுவது விருப்பத்தைப் பொறுத்தது இல்லை, சட்டக் கடமை. அந்தப் பட்டியலில் ‘அகேசியா – 500’ என்று ஒரு வரி இருந்தால் அதன் பொருள் என்ன? பழைய பெயரின்படி அது கருவேலாக இருக்கலாம், வெள்வேலாக இருக்கலாம், ஆரிகுலிஃபார்மிஸாகவும் இருக்கலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி எதை வைத்துக் கேள்வி கேட்பார்? சுதேசி மரம் நட்டோம் என்று சொல்லிக்கொள்ளவும் அந்த வரி போதும், அயல்மரத்தை நட்டு நிபந்தனையை நிறைவேற்றவும் அதே வரி போதும். புதிய பெயர்கள் இந்த ஓட்டையை அடைக்கின்றன. தமிழக அரசே 2022-இல் ஊடுருவும் அயல்தாவரங்கள் பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அந்தக் கொள்கை மதிலுக்கு உள்ளேயும் நடக்க வேண்டுமானால், பட்டியலில் எழுதிய பெயர் எந்த மரம் என்று ஐயமறத் தெரிய வேண்டும்.

ஆரிகுலிஃபார்மிஸ் ஓர் அரக்கன் என்று நான் சொல்லவில்லை. வேறெதுவும் வேர்பிடிக்காத மண்ணில் அது நிற்கும். கருவேலைப் போலவே அதன் வேரிலும் நைட்ரஜனைச் சேர்க்கும் முடிச்சுகள் உண்டு. ஆனால் அதன் தடித்த சருகு எளிதில் மக்குவதில்லை, ஆடுமாட்டுக்குத் தழையும் இல்லை, காயும் இல்லை. அதை நடுகிறவர் அதைத்தான் நடுகிறோம் என்று அறிந்து நட வேண்டும் என்பதே என் வாதம்.

கடைசியாக, நம் கையிலுள்ள நூல்கள் எல்லாம் பழைய பெயரில் இருக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். கேம்பிள் 1915-இல் தொடங்கி எழுதிய சென்னை மாகாணத் தாவர நூலும், மேத்யூ 1980-களில் திருச்சியிலிருந்து வெளியிட்ட கர்நாட்டிக் தாவர நூலும் அகேசியா என்றே சொல்கின்றன. அந்த நூல்கள் இன்றும் களத்தில் ஈடற்றவை. ஆனால் கேம்பிளின் நூலில் உள்ள பெயர்களே அவருக்கு முந்தைய நூல்களிலிருந்து பல இடங்களில் வேறுபட்டவை. அன்று கிடைத்த சான்றுக்கேற்ப அவர் எழுதினார். இன்று கிடைத்துள்ள சான்றுக்கேற்ப நாம் எழுதுவதுதான் அவருடைய மாணவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் தகுதியைத் தரும். பழைய பெயர் ஒத்த பெயராக என்றும் பதிவில் இருக்கும். யாரும் அதை அழிக்கவில்லை, தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

ஆகவே சிப்காட் பூங்காக்களுக்கு மரப்பட்டியல் தயாரிப்பவர்களுக்கும், அதைச் சரிபார்ப்பவர்களுக்கும், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரி தூர்வார ஆணை எழுதுபவர்களுக்கும், கல்லூரியில் வகைப்பாட்டியல் நடத்துபவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. தமிழ்ப் பெயரை முதலில் எழுதுங்கள். பக்கத்தில் முழு அறிவியல் பெயரை எழுதுங்கள்: கருவேலுக்கு வாச்செல்லியா நைலோட்டிகா, சீமைக்கருவேலுக்கு நெல்டுமா ஜூலிஃப்ளோரா, வன்னிக்குப் புரோசோபிஸ் சினரேரியா. அகேசியா என்ற சொல்லைத் தனியாக எந்தப் பட்டியலிலும் விடாதீர்கள். ஏரி உள்வாயில் முள்மரத்தை எடுக்க இயந்திரம் இறங்கும் முன், பூ பந்தா திரியா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தாக இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.